ரவுண்ட்ஸ் முடியும்வரை படுத்திருக்கவும்

எங்கள் வார்டு சிஸ்டருக்கு நர்ஸுகள் நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி அக்கா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அடுத்த மாதம் முழுக்க நைட் டியூட்டியில் யார் மாட்டிக்கொள்வது? ஆனால் அக்காவுக்கு அது தெரியும். உள்ளூரச் சந்தோஷம்கூட உண்டு. ஒரு தடவை மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "இஸ்திரி போட்டா சுருக்கம்தான்டி போகும், தோல் போகாது. வேலையப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

காலையில் அவர் வார்டுக்குள் நுழைவதைப் பார்க்க வேண்டும். பையை வைப்பதற்கு முன்பே கை ஒரு போர்வையின் ஓரத்தை இழுத்துவிடும். விரிப்பின் மூலைகளை உறை மடிப்பதுபோல் மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். செருப்புகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரே பக்கம் பார்த்து இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் வலது பக்கம், துண்டு இடது பக்கம். உட்காரும் நாற்காலிகள் வராண்டாவுக்குப் போய்விடும், அவற்றோடு சேர்த்து உறவுக்காரர்களும். கடைசியாக நோயாளிகள். முகம் துடைத்து, தலை வாரி, மார்பு வரை போர்த்தி, நேராகப் படுக்க வைத்துவிட்டு, "ரவுண்ட்ஸ் முடியற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று ஒரு அறிவிப்பு. கொட்டாவி விடுவதற்குக்கூட அனுமதி கேட்கும் நிலைக்கு வந்துவிடுவார்கள். பெரிய டாக்டர் வந்து வாசலில் நிற்கும்போது எங்கள் வார்டு அப்போதுதான் பெட்டியைப் பிரித்து எடுத்து வைத்த மாதிரி இருக்கும். பக்கத்து வார்டுக்காரிகள் எட்டிப் பார்த்துப் பொருமுவார்கள்.

இதெல்லாம் வெறும் பகட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அக்கா புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது வேறொரு வார்டில் இருந்தார். தலையணையும் போர்வையும் துணிமணியுமாகக் குவிந்து கிடந்த ஒரு கட்டிலில், ஆக்சிஜன் குழாய் ஒரு மடிப்புக்குள் நசுங்கிக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் நீலம் பாரித்த பிறகுதான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டாள். அக்காவை யாரும் குற்றம் சொல்லவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து சுருங்கிய துணி எதைப் பார்த்தாலும் அக்காவின் கை சும்மா இருக்காது. "மடிப்புக்குள்ள என்ன மாட்டிட்டிருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் வீடு இதற்கு நேர்மாறு. கணவர் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். சாப்பாட்டு மேஜை முழுக்க திருகாணியும் எண்ணெய்க் குப்பியும். இரண்டு மகள்களின் துணிகள் எந்த நாற்காலியில் இல்லை என்று தேட வேண்டும். நான் முதல் தடவை போனபோது ஒரு ஸ்பேனரை நகர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்குமா? "என்ன சிஸ்டர், இது உங்க வீடுதானா?" என்று கேட்டுவிட்டேன்.

"இங்க யாருடி ரவுண்ட்ஸ் வர்றா?" என்றார், டீயை நீட்டிக்கொண்டே.

ரவுண்ட்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டாக்டர் வந்து நோயாளியைப் பார்ப்பதற்குப் பெயர்தான் ரவுண்ட்ஸ் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் வேலைக்கு வருவதற்கு முன் அப்படித்தான் நினைத்தேன். முன்னால் பெரிய டாக்டர், அவருக்கு அரையடி பின்னால் சின்ன டாக்டர், அப்புறம் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக, கேஸ் ஷீட்டுகளை அடுக்கிய தள்ளுவண்டியோடு நான், எல்லாருக்கும் பக்கவாட்டில் எங்கள் அக்கா. இந்த ஊர்வலம் ஒரு கட்டிலின் காலடியில் போய் நிற்கும். உடனே எக்ஸ்ரே எங்கே என்று தேடுவோம். அது முந்தின கட்டிலில் விட்டுப்போயிருக்கும். எடுத்து வந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்காது. போன் போட்டால் அந்தப் பக்கம் எடுக்க மாட்டார்கள். அதற்குள் பெரிய டாக்டர் பிள்ளைகளில் ஒருவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார், அந்தப் பிள்ளை முழிக்கும், பக்கத்துப் பிள்ளை முணுமுணுக்கும், அதன்பிறகு ஒரு குட்டி வகுப்பே நடக்கும். இத்தனையும் முடிந்து மிச்சமாகிற நேரத்தில் ஒருவர் குனிந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். படுத்திருப்பவர், "பரவாயில்லைங்க" என்பார். காய்ச்சல் கொதித்தாலும் அதே பதில்தான். ஊர்வலம் அடுத்த கட்டிலுக்கு நகரும்.

பெரிய டாக்டர் மோசமானவர் இல்லை. ஒவ்வொருவரின் பாதத்தையும் தொட்டு வீக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் நகர மாட்டார். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை நோயாளியிடம் கேட்பதைவிட அக்காவிடம் கேட்பதுதான் அவருக்கு வசதி. தூங்கினாரா, சாப்பிட்டாரா, நடந்தாரா? அக்கா சுருக்கமாகப் பதில் சொல்வார். அந்தப் பதில் தவறாக இருந்ததாக ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை.

ஏழாம் நம்பர் கட்டிலுக்குக் கண்டக்டர் வந்தது இப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில்தான்.

வேலை பார்த்த காலம் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமோனியாவில் மூச்சு வாங்க வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் சில நாட்கள் எங்களுக்கே பயம். அப்புறம் மருந்து பிடித்தது, காய்ச்சல் இறங்கியது, ஆள் பாதியாகி இருந்தாலும் வாய் முழுசாகத் திரும்பி வந்தது. ஊசி போடப் போனால், "சில்லறையா குடும்மா, மொத்தமா குத்தாதே" என்பார். அவர் மனைவி சின்ன உருவம், பெரிய குரல். காலையில் வார்டை விட்டு வெளியேற்றும்போது தினமும் வாசல்வரை ஏதாவது சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

காய்ச்சல் போனபிறகு வந்ததுதான் உண்மையான கேள்வி. வீட்டுக்குப் போக முடியுமா? வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. இருப்பது கிழவனும் கிழவியும் மட்டும். மகன் தூரத்தில் எங்கோ வேலையில்.

"நடக்கறாரா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"இல்ல சார். பாத்ரூமுக்குக்கூட வீல்சேர்தான்" என்றார் அக்கா.

அது பொய் இல்லை. வீல்சேர்தான். காலையில் பாத்ரூம் தரை ஈரமாக இருக்கும், ரவுண்ட்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும், அவர் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வருவதற்கு யார் காத்திருப்பது? உட்கார வைத்துத் தள்ளினால் ஒரே ஓட்டத்தில் வேலை முடிந்தது. குளித்ததும் படுக்கை. படுக்கையிலேயே பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். ரவுண்ட்ஸ் முடியும்போது உச்சி வெயில். சாப்பாடு, தூக்கம். நடைப்பயிற்சி கொடுப்பவர் பல வார்டுகளுக்கு ஒரே ஆள். அவர் வந்த அந்த ஒரு நாளும் கண்டக்டர் நல்ல தூக்கத்தில். கால்களை அசைத்துப் பார்த்துவிட்டு, மிகவும் பலவீனம் என்று எழுதிவிட்டுப் போனார்.

தினமும் அதே கேள்வி, அதே பதில். பெரிய டாக்டர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஊருக்கு வெளியே நாள்பட்ட நோயாளிகளைப் பராமரிக்கிற இல்லம் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே ஒரு இடம் காலியாகிறது. அங்கே அனுப்பிவிடலாம். மகனிடம் போனில் பேசினார்கள், அவரும் சரி என்றுவிட்டார். அந்த இல்லத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மனைவி கூடத் தங்கவும் முடியாது.

சின்ன டாக்டர் வராண்டாவில் நிற்க வைத்து இதை அந்த அம்மாவிடம் சொன்னார்.

"அவர் நடக்கறாரே!" என்றார் அந்த அம்மா.

"அப்படியாம்மா?"

"நிஜமாத்தான். சாயங்காலம் நான் வந்தா நடக்கறாரு. கேட்டுப் பாருங்க."

சின்ன டாக்டர் நல்ல பிள்ளை, தன்மையாகத் தலையாட்டினார். ஆனால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிற எல்லாருமே இப்படித்தான் சொல்வார்கள். எங்களில் ஒருத்தரும் நம்பவில்லை. அக்கா, "பாவம், மனசு கேக்கல அந்தம்மாவுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலைச் சரி செய்யப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சலவைத் துணி வரத் தாமதமானது. அக்காவின் ஷிஃப்ட் முடிந்துவிட்டது, ஆனால் புது விரிப்புகளை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போக அவருக்கு மனம் வராது. என்னையும் பிடித்து வைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்க வராண்டா வழியாகத் துணி அறைக்குப் போனோம்.

அங்கே கண்டக்டர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

எதையும் பிடிக்கவில்லை. கால் இரண்டையும் அகட்டி வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடித்து, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி, ஓடுகிற பஸ்ஸுக்குள் நடக்கிற மாதிரியே. பார்த்தால் இதோ விழுந்துவிடுவார் என்று தோன்றும். விழவில்லை. மனைவி இரண்டு தப்படி பின்னால் வந்துகொண்டிருந்தார், கையை நீட்டாமல்.

அக்கா மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். "யார் உங்கள இறங்கச் சொன்னது? விழுந்து இடுப்பு உடைஞ்சா யார் பொறுப்பு? போங்க, போய்ப் படுங்க!"

கண்டக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுவிட்டார். ஆனால் அந்த அம்மா நிற்கவில்லை.

"படுங்க, படுங்க, படுங்க! இதத்தானே தினமும் சொல்றீங்க? காலைல நீங்க படுக்க வெப்பீங்க. டாக்டர் வருவாரு, ஐயோ இவரு படுத்தே கெடக்காரே, நடக்க முடியாதவர்னு எழுதிட்டுப் போவாரு. என்னை வெளில தள்ளிக் கதவ சாத்திடுவீங்க. நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? நாளைக்கு எங்கயோ கொண்டு போய் விடப் போறீங்களே, அவரு நடந்து ஒரு தடவையாவது யாராவது பாத்தீங்களா?"

வராண்டா முழுக்க அந்தக் குரல்தான். எனக்குக் கோபமாக வந்தது, எங்கள் அக்காவை இப்படிப் பேசலாமா என்று. பதிலுக்குச் சுடச்சுட ஏதாவது சொல்லலாம் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்டக்டரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நடந்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

துணி அறையில் ஒரே விரிப்பை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் அதை அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார். "நாளைக்குக் காலைல யாரையும் படுக்க வைக்காதே."

"யாரையும்னா, சிஸ்டர்?"

"உக்கார முடிஞ்சவங்க உக்காரட்டும். நடக்க முடிஞ்சவங்க நடக்கட்டும். நாற்காலியெல்லாம் உள்ள இருக்கட்டும்."

"பெரிய டாக்டர் சாமியாடிடுவாரே!"

"ஆடட்டும்" என்றார். குரலில் தைரியம் ஒன்றும் பெரிதாக இல்லை.

மறுநாள் காலை எங்கள் வார்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் பாதிப் பேருக்குப் புரியவேயில்லை. மூன்றாம் நம்பர், "என்னம்மா, டிஸ்சார்ஜா?" என்று பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். ஜன்னலோரம் இருந்த இரண்டு பேருக்கு ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு அன்றுதான் கிடைத்தது, உடனே அரசியல் பேசிச் சண்டையும் வந்துவிட்டது. ஒருவர் தானே எழுந்து பாத்ரூமுக்குப் போய், வெகு நேரம் வராமல், எல்லாரும் பதறிக் கதவைத் தட்டினால் உள்ளே நிம்மதியாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். போர்வைகள் பாதி கட்டிலில், பாதி தரையில். அக்கா வார்டின் நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உறவுக்காரர்களும் வெளியே போகவில்லை. போகச் சொல்ல யாரும் வரவில்லையே.

பெரிய டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஊர்வலம் அவர் முதுகில் முட்டிக்கொண்டது.

"என்ன சிஸ்டர், ஸ்ட்ரைக்கா?"

"இல்ல சார். ஏழாம் நம்பர மொதல்ல பாத்துடலாமா? வெளில வராண்டால இருக்காரு."

"ஏழாம் நம்பரா? அவர் நடக்க மாட்டார்னீங்களே?"

"சொன்னேன் சார்" என்றார் அக்கா. பெரிய டாக்டர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு வராண்டா பக்கம் திரும்பினார்.

கண்டக்டர் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். காலை நேரம் அவர் எழுந்து நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. சாயங்காலம் பார்த்த ஆட்டத்தைவிட ஆட்டம் அதிகம். எங்கள் எல்லாரையும் பார்த்ததும் கால் ஒன்றோடொன்று பின்னி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். படிக்கிற பிள்ளை ஒருவன் பாய்ந்தான்.

"யாரும் பிடிக்காதீங்க!"

கத்தியது அக்காதான். பயத்தில் குரல் கிறீச்சிட்டது. அந்தப் பிள்ளை அப்படியே நின்றான். கண்டக்டர் காலை அகட்டினார், முட்டியை மடித்தார், உடம்பை மறுபக்கம் சாய்த்து நிமிர்ந்துவிட்டார்.

"திடீர்னு பிரேக் போட்டா அப்படித்தான் சார். ஒண்ணும் ஆகாது."

பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் விடவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, "எப்பவுமே இப்படித்தான் ஆடி ஆடி நடப்பாராம்மா, இல்ல இப்பத்தானா?" என்று கேட்டார். அவர் அந்த அம்மாவிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கல்யாணத்தன்னைக்கே இப்படித்தான் நடந்து வந்தாரு டாக்டர். குடிச்சிட்டு வந்துட்டார்னு எங்கப்பா கல்யாணத்தையே நிறுத்தப் பாத்தாரு."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரிய டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, தரைல நடக்கறாரு. உங்க வீடு மூணாவது மாடி ஆச்சேம்மா" என்றார்.

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். அதுதான் அவருக்கும் உள்ளுக்குள் பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"படிக்கட்டு இதோ பக்கத்துலதான் இருக்கு சார்" என்றார் அக்கா.

கேஸ் ஷீட் வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு எல்லாரும் போனோம். இத்தனை வருஷத்தில் ரவுண்ட்ஸ் படிக்கட்டுக்குப் போனதை நான் பார்த்ததில்லை. மேலே இருந்து இறங்கி வந்த சமையலறை ஆட்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். கண்டக்டர் கம்பியைப் பிடித்தார். ஒரு படி. அந்தக் காலையும் சேர்த்தார். அடுத்த படி. எக்ஸ்ரேவை யாரும் தேடவில்லை, யாருக்கும் போன் வரவில்லை. ஒரு மனிதர் படி ஏறுவதை அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பாதியில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து மறுபடி ஏறினார். படி திரும்புகிற இடத்தில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை.

பெரிய டாக்டர் ஏறிப் போய் அவர் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டில் தூசி ஒட்டியது. விரலில் கருவியை மாட்டி மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்தார், நாடி பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். அந்த அம்மா கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரிய டாக்டர். அப்புறம் அக்காவைப் பார்த்தார். "அப்புறம் ஏன் சிஸ்டர் இத்தனை நாள் வீல்சேர்?"

சுற்றிலும் பிள்ளைகள், சின்ன டாக்டர், சமையலறை ஆட்கள், நான். அக்கா நினைத்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தரை ஈரம் என்றால் போதும், அதுவும் உண்மைதான்.

"ரவுண்ட்ஸுக்கு நேரமாகுதேன்னு நான்தான் சார் உக்கார வெச்சுத் தள்ளினேன். வார்டு ஒழுங்கா தெரியணும்னு நான்தான் படுக்க வெச்சேன். நடக்க முடியாதவர்னு உங்ககிட்ட சொன்னதும் நான்தான்." அந்த அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னப்போ நான் கேட்டிருக்கணும்மா. மன்னிச்சுக்குங்க."

பெரிய டாக்டர் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். "நானும் தினமும் வந்து பாத்தேனே. ஒரு நாளாவது எழுந்து நில்லுங்கன்னு நான் சொல்லல" என்றார். சின்ன டாக்டரைக் கூப்பிட்டு, இல்லத்துக்குப் போன் செய்து அந்த இடம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். "இன்னும் ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும். தினமும் காலைல படி ஏறணும். ரவுண்ட்ஸ் நேரத்துலயே ஏறட்டும், நான் வந்து பாக்கறேன்."

"அப்புறம்?" என்றார் அந்த அம்மா. அவ்வளவு பெரிய குரல் காற்றாக வந்தது.

"அப்புறம் வீட்டுக்குத்தாம்மா."

அந்த அம்மா கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. கண்டக்டர் மட்டும் மேலேயிருந்து, "எல்லாரும் பேசி முடிச்சாச்சா? இறக்கி விடுங்கப்பா, குளிருது" என்றார்.

அக்கா இரண்டு எட்டில் ஏறிப் போய்க் கையை நீட்டினார்.

"கையக் குடுக்காதீங்க சிஸ்டர்" என்றார் அந்த அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "வீட்ல நான் மட்டும்தான் இருப்பேன். என்னால அவரத் தாங்க முடியாது. அவரே இறங்கட்டும்."

அக்கா கண்டக்டருக்கு ஒரு படி கீழே நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை தானாக நீண்டுவிடாமல் இருக்க அதை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டார். கண்டக்டர் எழுந்து நின்றார். ஒரு காலைக் கீழே வைத்தார்.